பெட்டி கட்டும் வீடுகள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழில் எல்லாக் கேள்விகளும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். வேலைக்காக அப்பாவோ அம்மாவோ வெளிநாடு போய்வருகிற வீடுகள். பத்து நாளில் திரும்புகிறவர்கள், மாதக்கணக்கில் போகிறவர்கள், ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. பெயர்களை வேண்டுமென்றே போடவில்லை.

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சரக்கு வாங்கும் பையர்களைப் பார்க்க ஜெர்மனிக்கு வருடத்தில் சில தடவை போக வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு நாள். மகனுக்கு மூன்று வயது. பார்த்தால் அழுவான், தூங்கும்போதே கிளம்பிவிடு என்றார் அத்தை. போன முறை அப்படித்தான் செய்தேன். திரும்பி வந்தால் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்பத்தாவிடம் ஓடிவிட்டான், ரெண்டு நாள் கிட்டவே வரவில்லை. இப்போது நான் பாத்ரூம் போனால்கூட கதவைத் தட்டுகிறான். வேலையை விட்டுவிடலாமா என்று இருக்கிறது.
– வாசகி, திருப்பூர்

பதில்: வேலையை விட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்படிக் கடிதம் எழுதுகிற அம்மாக்கள் பாதி முடிவு எடுத்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். இதே மாதிரி பயணம் போகிற அப்பாக்கள் யாரும் வேலையை விடலாமா என்று எனக்கு எழுதியதில்லை.

உங்கள் மகனைப் பயமுறுத்தியது நீங்கள் சொல்லாமல் போனது. தூங்கும்போது கிளம்பினால் அந்த நேரத்து அழுகையைப் பெரியவர்கள் பார்க்க வேண்டியதில்லை, அவ்வளவுதான் லாபம். பிள்ளை காலையில் எழுந்து அறை அறையாகத் தேடும். கண்ணை மூடினால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்று அது ஒருமுறை புரிந்துகொண்டுவிட்டால் அப்புறம் தூங்கவைப்பதே கஷ்டம், பாத்ரூம் கதவு சாத்தினாலும் பயம். உங்கள் அத்தை பேரன் அழக்கூடாது என்ற பாசத்தில்தான் சொல்லியிருப்பார், அதனால் அவரிடம் வாதம் செய்யாமல், இந்தத் தடவை வேறு மாதிரி செய்து பார்க்கிறேன், நீங்கள் கூட இருங்கள் என்று கேளுங்கள். அவர் இல்லாமல் இது நடக்காது.

ரெண்டு நாள் முன்னால் சொன்னால் போதும். மூன்று வயதுக்கு ‘அடுத்த வாரம்’ என்றால் எதுவும் புரியாது, வீணாகக் கலங்குவான். பெட்டி அடுக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்து, அம்மா ஆபீஸ் வேலையாக விமானத்தில் போகிறேன், திரும்பி வந்துவிடுவேன், அதுவரைக்கும் காலையில் அப்பா குளிக்க வைப்பார், அப்பத்தா சோறு ஊட்டுவார், ப்ளே ஸ்கூலுக்குத் தாத்தா கூட்டிப்போவார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அம்மா எங்கே போகிறாள் என்பதைவிட, நாளைக்கு நமக்கு யார் சோறு ஊட்டுவார்கள் என்பதுதான் அந்த வயதில் பெரிய கவலை. நீங்கள் உடுத்திய பழைய துப்பட்டா ஒன்றைத் துவைக்காமல் அவன் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போங்கள், அந்த வாசனைக்குச் சின்னப் பிள்ளைகள் அடங்குவார்கள். ஒரு கிண்ணத்தில் நாளுக்கு ஒன்றாகக் கொண்டைக்கடலையை எண்ணிப் போட்டு, தினமும் ராத்திரி ஒன்றை எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். ஒரு கடலை அதிகமாகவே போடுங்கள், விமானம் தாமதமானாலும் கணக்குத் தவறாது. கிளம்பும்போது அழுவான். அழட்டும், கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து, வாசலில் ரொம்ப நேரம் நின்று நீங்களும் அழாமல் கிளம்பிவிடுங்கள். கையை விடமாட்டேன் என்றால் அத்தை தூக்கிக்கொள்ளட்டும். பெரும்பாலான பிள்ளைகள் வண்டி தெருமுனை தாண்டியதும் கொஞ்ச நேரத்தில் விளையாடப் போய்விடுவார்கள், ஆனால் விமான நிலையம் வரைக்கும் அழுதுகொண்டே போவது அம்மாதான்.

போன் நேரத்தை முன்னாலேயே கணக்குப் போடுங்கள். ஜெர்மனி நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், அந்த வாரத்தில் பயணம் அமைந்தால் நேரம் குழம்பும். இங்கே ராத்திரி அவன் தூங்கப்போகும் 8 மணி உங்களுக்கு மாலை நாலரையோ மூன்றரையோ ஆக இருக்கும், அது பையர் மீட்டிங் நடுவில் வரும் நேரம், அதை நம்பி அவனுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் மதியச் சாப்பாடு 12.30 என்றால் இங்கே கோடையில் மாலை 4, குளிர்காலத்தில் 5. தூங்கி எழுந்து பால் குடிக்கிற நேரம், தினமும் அப்போதே கூப்பிடுங்கள். ராத்திரிக்கு ஒரு சின்னக் கதையை உங்கள் குரலில் பதிவு செய்து அப்பாவின் போனில் வைத்துவிட்டுப் போகலாம்.

போனில் ‘அம்மா வேணுமா, அம்மா இல்லாம அழறியா’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் அழுவான். என்ன சாப்பிட்டே, தட்டைக் காட்டு, தெருவில் அந்த நாய்க்குட்டி எங்கே என்று கேளுங்கள். ஓடிப்போனால் இழுத்து வந்து பேசவைக்க வேண்டாம், போனை அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு அவன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

முகத்தைத் திருப்பிக்கொண்ட விஷயம்தான் உங்களை அதிகம் காயப்படுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1950களில் இங்கிலாந்தில், ஆஸ்பத்திரியில் சேர்த்த சின்னக் குழந்தைகளைப் பார்க்கப் பெற்றோரை அதிகம் விடமாட்டார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜான் பௌல்பி என்ற ஆய்வாளர்கள் இருவரும் அந்தக் குழந்தைகளைக் கவனித்து எழுதினார்கள்: முதலில் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள், அப்புறம் ஒடுங்கிப்போகிறார்கள், கடைசியில் அம்மாவே வந்து நின்றாலும் யாரோ போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அது பாசம் போய்விட்டதால் வருவதில்லை, மறுபடி விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்று தன்னைக் காத்துக்கொள்வது. பின்னாளில் ராபர்ட்சனும் அவர் மனைவி ஜாய்ஸும், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் சில சின்னக் குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். முன்கூட்டியே பழகி, பழகிய சாப்பாட்டையே கொடுத்து, அம்மாவைப் பற்றித் தினமும் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் ஏங்கினார்கள், ஆனால் ஆஸ்பத்திரிக் குழந்தைகள் போல உடைந்துபோகவில்லை. உங்கள் மகனோடு அப்பாவும் அப்பத்தாவும் தாத்தாவும் இருக்கிறார்கள், அவன் அதே வீட்டில், அதே படுக்கையில்தான் தூங்குகிறான். அவன் நல்ல கையில்தான் இருக்கிறான்.

திரும்பி வந்ததும் தூக்கிக் கொஞ்ச அவசரப்பட வேண்டாம். தரையில் உட்கார்ந்து அவன் பொம்மையை எடுத்து விளையாடுங்கள், தானாக வந்து முதுகில் சாய்வான். வந்த அடுத்த நாள் லீவு கேட்டு வாங்குங்கள், பயணம் போனவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.

கேள்வி: ஒவ்வொரு முறை வெளிநாட்டிலிருந்து வரும்போதும் வாசலிலேயே பிள்ளைகள் ‘என்ன வாங்கிட்டு வந்தீங்க’ என்றுதான் கேட்கிறார்கள். என்னைத் தேடுகிறார்களா, பெட்டியைத் தேடுகிறார்களா?
– வாசகர், ஓசூர்

பதில்: உங்களையும்தான் தேடுகிறார்கள், கேட்கத் தெரிந்தது அதுதான். முதலில் சாப்பிட்டுக் குளித்துவிட்டு, எல்லோரும் உட்கார்ந்த பிறகு பெட்டியைத் திறப்பது என்று வையுங்கள். விமான நிலையக் கடையில் கடைசி நேரத்தில் அள்ளிய சாக்லேட் பைகளைக் குறைத்து, அந்த ஊர் பஸ் டிக்கெட், ஒரு நாணயம், தங்கிய தெருவின் போட்டோ என்று நீங்கள் இருந்த இடத்தைக் காட்டுகிற ஏதாவது கொண்டுவாருங்கள். அதைக் காட்டிப் பத்து நிமிடம் கதை சொல்ல முடியும்.

கேள்வி: மச்சான் (என் கணவர்) ஷார்ஜாவில் கட்டுமான நிறுவனத்தில் ஃபோர்மேன். ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். மகன் ஒன்பதாவது, மகள் ஐந்தாவது. அத்தா போன் என்றாலே மகன் மாடிக்கு ஓடிவிடுகிறான். ஓதுனியா, படிச்சியா, மார்க் எவ்வளவு என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. கோபம் வந்தால் ‘அத்தாகிட்ட சொல்றேன்’ என்று நானும் மிரட்டுவது உண்டு. அவர் நிரந்தரமாக வந்து தங்கும்போதும் இப்படியே இருந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: ‘அத்தாகிட்ட சொல்றேன்’ என்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தூரத்தில் இருக்கிற மனிதரைப் பிள்ளைகள் அறிந்துகொள்வதே உங்கள் வாய் வழியாகத்தான், நீங்கள் அவரைப் போலீஸ்காரராகக் காட்டினால் அவர்கள் மனதில் அவர் போலீஸ்காரர்தான். வீட்டுக் குறும்புக்கான கண்டிப்பு வீட்டில் இருக்கிறவரோடு முடியட்டும்.

உங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் சிங்கப்பூர், மலேசியா, பர்மா, இலங்கை என்று தலைமுறை தலைமுறையாகச் சபுர் (வெளிநாட்டுப் பிழைப்பு) போனவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் கடிதம்தான். எப்போதோ ஒன்று வரும், ஆனால் அதில் அங்கே என்ன மழை, கடையில் என்ன வியாபாரம், யாருக்குக் காய்ச்சல், பக்கத்து அறைக்காரர் எந்த ஊர் என்று எல்லாம் இருக்கும், வீட்டில் ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். இன்றைக்குத் தினமும் முகம் பார்த்துப் பேசுகிறோம், பேச்சு மூன்று கேள்வியில் முடிந்துவிடுகிறது. உங்கள் பிள்ளைகளிடம் அத்தா அங்கே என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள், ‘துபாய்ல இருக்காங்க’ என்பதைத் தாண்டி அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அவர் அவர்களிடம் கேள்வி கேட்பதற்கு முன்னால் தன் நாளைச் சொல்லட்டும். எத்தனையாவது மாடி கட்டுகிறார்கள், காலையில் எத்தனை மணிக்கு கேம்ப் பஸ், இன்றைக்கு யார் சமையல். கோடையில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரைக்கும் வெயிலில் வெளிவேலை செய்யக்கூடாது என்று அமீரகத்தில் சட்டம் இருக்கிறது, அந்த ரெண்டரை மணி நேரம் எங்கே உட்காருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று சொன்னாலே பையன் கேட்பான். அங்கே வாட்ஸ்ஆப்பில் மெசேஜ் போகும், கால் போகாது, அதனால்தான் போட்டிம் மாதிரி வேறு செயலி வைத்துக்கொண்டு நேரம் பார்த்துக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆனால் வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் மெசேஜ் தாராளமாகப் போகும். நேருக்கு நேர் பேசக் கூச்சப்படுகிற பதினாலு வயதுப் பையன் வாய்ஸ் மெசேஜில் பேசுவான், ராத்திரி தனியாகக் கேட்டுக்கொள்வான்.

அடுத்தது, அவருக்கு வீட்டில் ஒரு வேலை கொடுங்கள். பணம் அனுப்புவதைச் சொல்லவில்லை, வாரம் தவறாமல் அவரே செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் அளவியல் இருக்கிறது, பக்கப்பரப்பு, கன அளவு எல்லாம் வரும். ஒரு ஃபோர்மேனைவிட அதை யார் நன்றாகச் சொல்லித்தர முடியும்? ஒரு தூணுக்கு எவ்வளவு கான்கிரீட் என்று அவர் தினமும் போடுகிற கணக்குதானே. நாம் ஷார்ஜாவைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், இங்கே ராத்திரி 8 என்றால் அங்கே மாலை 6.30, வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பார். வாரத்தில் ரெண்டு நாள் அரை மணி நேரம் அந்தக் கணக்கை மட்டும் பார்க்கட்டும், மார்க் பேச்சே வேண்டாம். மகளுக்கு வேறு ஏதாவது, அவள் வரைந்த படத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது மாதிரி.

இதையெல்லாம் அவரிடம் குறையாகச் சொல்லாதீர்கள். பகல் முழுக்க வெயிலில் நின்று வந்த மனிதர், பிள்ளைகள் நன்றாக வந்தால்தான் தான் பட்ட பாட்டுக்கு அர்த்தம் என்று நினைக்கிறார், அந்தப் பதற்றம்தான் மார்க் கேள்வியாக வருகிறது. ‘உங்களைப் பற்றி நீங்களே சொன்னால் பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்கள் மச்சான்’ என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டேன். இப்போது சிங்கப்பூரில் ஐந்து நாள் பயிற்சிக்குப் போகச் சொல்கிறார்கள். குழந்தைக்கு ஒன்பது மாதம், இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். போகலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: போகலாம், ஒரு மாதம் முன்பிருந்து தயாரானால். ஒன்பது மாதத்தில் குழந்தை திட உணவும் சாப்பிடும் என்பது பெரிய ஆறுதல். எட்டு ஒன்பது மாதத்தில்தான் அம்மா கண்ணை விட்டு மறைந்தால் அழுவது ஆரம்பிக்கும், அது வளர்ச்சியின் ஒரு கட்டம், எல்லாக் குழந்தைக்கும் வரும். அதனால் இப்போதே தினமும் ஒரு வேளை வேறு ஒருவர் கையால் பால் குடிக்கப் பழக்குங்கள், நீங்கள் அறையில் இருந்தால் குடிக்க மாட்டாள், வெளியே போய்விடுங்கள். பாட்டில் வேண்டாம் என்றால் பால் புகட்டும் பாலாடைக் கிண்ணமோ சின்னக் கப்போ போதும்.

எடுத்த தாய்ப்பால் 25 டிகிரி வரைக்குமான அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும், நம் ஊர் கோடையில் அவ்வளவு நேரம் வெளியே வைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் 4 நாள், தனிக் கதவு உள்ள ஃப்ரீசரில் 6 மாதம் வரை. உறைந்த பாலை ஃப்ரிட்ஜில் வைத்து உருகவைத்தால் அது முழுக்க உருகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது. மின்தடை அதிகம் உள்ள பகுதி என்றால் எல்லாப் பாலையும் ஒரே ஃப்ரீசரில் வைக்காமல் பாதியை உறவினர் வீட்டில் வையுங்கள். பால் போதாவிட்டால் என்ன கொடுப்பது என்று குழந்தை மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

உங்கள் உடம்பையும் மறக்காதீர்கள். அங்கே மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும், திரும்பி வரும்போது பாலும் குறைந்திருக்கும். பயிற்சி நடத்துகிறவர்களிடம் இதற்குத் தனி அறையும் இடைவேளையும் வேண்டும் என்று முன்கூட்டியே மெயிலில் எழுதிக் கேளுங்கள், கூச்சப்படவே வேண்டாம். ரெண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம் என்று சொல்லும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே, உறவினர்களோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதை மட்டும் விலக்காக விட்டிருக்கிறது, அதனால் தாராளமாக முகம் காட்டுங்கள். அழுதால் உடனே வைத்துவிட்டு, குரலை மட்டும் கேட்க வையுங்கள்.

கேள்வி: கம்பெனி வேலையாக ஆறு மாதம் நியூஜெர்சி போகிறேன். மனைவியும் வேலைக்குப் போகிறார், மகள் எட்டாம் வகுப்பு, எங்களோடு இருக்கும் என் அப்பாவுக்கு ரத்த அழுத்தம். கிளம்புவதற்கு முன் என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?
– வாசகர், சென்னை

பதில்: எல்லோரும் விசா, பெட்டி, கோட்டு என்று ஓடுகிறபோது இதைக் கேட்டதே எனக்குச் சந்தோஷம்.

முதல் தொல்லை ஓடிபி. வங்கி, கேஸ், மின்கட்டணம், காப்பீடு, பிள்ளை பள்ளிச் செயலி எல்லாம் உங்கள் நம்பரில் இருக்கும், நீங்கள் அங்கே தூங்கும்போது இங்கே உங்கள் மனைவி ஓடிபிக்காகக் காத்துக்கொண்டிருப்பார். மாற்ற முடிந்ததை எல்லாம் அவர் நம்பருக்கு மாற்றுங்கள், மாற்ற முடியாததற்கு உங்கள் இந்திய சிம்மில் ரோமிங்கைக் கிளம்பும் முன்பே இயக்கிவையுங்கள், ரீசார்ஜ் தீர்ந்துபோகாமல் பாருங்கள். வீட்டுச் செலவுக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கட்டும். வீடு, நிலம் சம்பந்தமாக ஏதாவது கையெழுத்து வரும் என்றால் பவர் பத்திரத்தை இங்கேயே பதிவு செய்துவிடுங்கள். அங்கே போய் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி இங்கே அனுப்பி, வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும், அத்தனை அலைச்சல். மகளின் பாஸ்போர்ட் தேதியைப் பாருங்கள், அந்த வயதில் 5 வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள், புதுப்பிக்கும்போது அம்மா அப்பா இருவரின் சம்மதமும் கேட்பார்கள். சம்பளம் எங்கே வருகிறது, வரி எப்படி என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள், வருமான வரிக்கு நீங்கள் இந்தியாவில் வசிப்பவரா என்று பார்க்கும் 182 நாள் கணக்குக்கு ஆறு மாதம் என்பது ரொம்பப் பக்கத்தில் வருகிறது, ஒரு வாரம் கூடினாலோ குறைந்தாலோ விஷயம் மாறலாம்.

அப்பாவுக்கு: மருந்துச் சீட்டு, மெடிக்கல் இன்சூரன்ஸ் அட்டை, பழைய இசிஜி எல்லாம் ஒரே ஃபைலில், அதன் போட்டோ உங்கள் மனைவி போனிலும் மகள் போனிலும். எந்த ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் சேர்க்க முடியும் என்று முன்னாலேயே பார்த்துவையுங்கள். நடுராத்திரி நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவது? 108 இருக்கிறது, ஆனால் கூட வருவதற்குப் பக்கத்து வீட்டிலோ மச்சினன் வீட்டிலோ ஒருவரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவைக்க வேண்டும். அதை மனைவி தலையில் விடாதீர்கள்.

நேரம்: நியூஜெர்சி நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் பின்னால். நீங்கள் காலை 7 மணிக்கு எழுந்தால் இங்கே மாலை நாலரையோ ஐந்தரையோ, மகள் பள்ளி விட்டு வந்திருப்பாள். அது அவள் நேரம். மனைவியோடு பேசுவதற்குத் தனி நேரம் வையுங்கள், அதில் பில், ஸ்கூல் பீஸ், பிளம்பர் பேச்சை எல்லாம் எடுக்காமல் இருந்தால் நல்லது, அதற்கெல்லாம் மெசேஜ் போதும். ஆறு மாதம் ஒற்றை ஆளாக வேலைக்கும் போய், மாமனாரையும் வளரும் பெண்ணையும் பார்த்துக்கொள்கிறவருக்கு வாரத்தில் அரை நாளாவது ஓய்வு வேண்டும். சமையலுக்கு ஆள் வையுங்கள், கம்பெனி தருகிற பயணப் படிக்காசிலிருந்து.

கேள்வி: அப்பா கப்பலில் செகண்ட் இன்ஜினியர். ஏழெட்டு மாதம் கடலில், அப்புறம் மூன்று மாதம் வீட்டில். வந்த மறுநாளே அலமாரி, சாப்பாட்டு நேரம், தம்பியின் டியூஷன் என்று எல்லாவற்றையும் மாற்ற ஆரம்பித்துவிடுவார், அம்மாவோடு சண்டைதான். அவர் கிளம்பினால் நிம்மதி என்று தோன்றுகிறது, அப்படித் தோன்றுவதற்காக அழுகையும் வருகிறது.
– மாணவி, தூத்துக்குடி

பதில்: அப்படித் தோன்றுவதில் தப்பே இல்லைம்மா, மாலுமிகள் வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான். இன்ஜின் அறையில் அவர் சொன்னால் உடனே நடக்கும், நடக்காவிட்டால் ஆபத்து. அங்கிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தால், தான் இல்லாமலே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அது அவருக்குப் பெருமையாகவும் இருக்கும், தனக்கு இங்கே என்ன இடம் என்ற கலக்கமும் இருக்கும். எதையாவது மாற்றினால்தான் தானும் இந்த வீட்டு ஆள் என்று தோன்றுகிறது.

நீ பெரியவள், உன்னால் ஒன்று செய்ய முடியும். அவர் வருவதற்கு முன்பே அம்மாவோடு உட்கார்ந்து, அப்பா வந்தால் முழுக்க அவர் பொறுப்பு என்று ரெண்டு மூன்று விஷயத்தை ஒதுக்கிவையுங்கள்: தம்பியைக் காலையில் கொண்டுவிடுவது, வீட்டில் தள்ளிப்போட்டிருக்கும் ரிப்பேர், சந்தைக்குப் போவது. அதில் அவர் எப்படிச் செய்தாலும் யாரும் குறுக்கே வரக்கூடாது. மற்றதில், முதல் ரெண்டு வாரம் எதையும் மாற்ற வேண்டாம் என்று அம்மா சொல்வதைவிட நீ சொன்னால் கேட்பார். அவர் கப்பலில் இருக்கும்போதே எழுது, நேரில் வேண்டாம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2022-ல் கொண்டுவந்த திருத்தங்கள் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன, வீட்டோடு பேச மாலுமிகளுக்கு முடிந்தவரை இணைய வசதி கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது, பல கப்பல்களில் இப்போது நன்றாகவே லைன் கிடைக்கிறது. வீட்டில் நடக்கும் மாற்றங்களை அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருந்தால் இறங்கி வரும்போது எல்லாமே புதிதாக இருக்காது. ‘அம்மா சொல்லச் சொன்னாங்க’ என்று மட்டும் எழுதாதே, உன் பேச்சாக எழுது.

கேள்வி: மகன், மருமகள் இருவரும் அடிக்கடி வெளிநாட்டு வேலையாகப் போகிறார்கள். சில சமயம் ஒரே வாரத்தில் இருவரும். பேரப்பிள்ளைகள் இருவரையும் நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். எனக்கு 68, மனைவிக்கு மூட்டு வலி. பாசத்துக்குக் குறைவில்லை, உடம்பு முடியவில்லை. சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள். நீங்கள் சமாளிக்கிறீர்கள் என்று அவர்கள் நம்பித்தான் அடுத்த பயணத்துக்கு ஒப்புக்கொள்கிறார்கள். உடம்பு முடியாமல் போய் ஒருநாள் நீங்களோ அம்மாவோ விழுந்துவிட்டால், அப்போது அவர்கள் எட்டு மணி நேர விமான தூரத்தில் இருப்பார்கள்.

பொதுவாக ‘முடியல’ என்றால் ‘கொஞ்சம் பாத்துக்குங்கப்பா’ என்றுதான் பதில் வரும். அதனால் குறிப்பாகக் கேளுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் போகக் கூடாது, தவிர்க்கவே முடியாவிட்டால் அந்த வாரம் பகலும் இரவும் கூட ஒரு ஆள் வேண்டும். பள்ளிக்கு வேன், சமையலுக்கு உதவி, ரெண்டும் அவர்கள் இருக்கும்போதும் தொடர வேண்டும், பயணத்தின்போது மட்டும் புது ஆள் வந்தால் பிள்ளைகள் ஏற்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு அவசரமாக மருத்துவம் பார்க்க வேண்டி வந்தால் நீங்கள் கையெழுத்துப் போடலாம் என்று பெற்றோர் இருவரும் எழுதிக் கொடுத்த கடிதம், அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்ற குறிப்பு, குழந்தை மருத்துவர் நம்பர் மூன்றும் வீட்டில் இருக்க வேண்டும். உங்கள் செக்கப் தேதிகளையும் அவர்கள் காலண்டரில் ஏற்றச் சொல்லுங்கள், அன்றைக்குப் பயணம் கிடையாது.

அவர்கள் அனுப்பும் பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இந்த உதவிகளுக்கான செலவு உங்கள் பென்ஷனிலிருந்து போகிறது என்றால் அதையும் இதோடு பேசிவிடுங்கள். மகனிடம் தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம், மருமகளும் கூட உட்கார்ந்திருக்கும்போது பேசுங்கள்.